வெல்டிங் மெஷினுக்கு ஒரு தள்ளுவண்டி

கோலசிலாங்கூர் வட்டாரத்து இரும்புச் சாமான் கடைகளில் சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின்கள் இப்போது சாதாரணமாகக் கிடைக்கின்றன. எடை நாலைந்து கிலோ. தோளில் மாட்டிக்கொள்ள வாரும் உண்டு. ஆசைக்கு ஒன்று வாங்கி, வார இறுதியில் வீட்டு வாசலில் பழகிப் பார்ப்பவர்கள் கூடிவருகிறார்கள். முதலில் என்ன செய்து பழகலாம் என்று அவர்கள் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: அந்த மெஷினை வைத்துத் தள்ள ஒரு வண்டி செய்யுங்கள். கேட், கிரில் எல்லாம் பிறகு பார்க்கலாம். செய்த வேலையில் எங்கே பிசகு என்பதை வண்டி மறைக்காமல் காட்டிவிடும்.

வண்டி இந்த மண்ணுக்குப் புதிதில்லை. பெஸ்தாரி ஜெயா பத்தாங் பெர்ஜுந்தையாக இருந்த காலத்தில், அதன் அருகே தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே செம்பனை நட்டார். மலேசியாவில் வணிக நோக்கில் நடப்பட்ட முதல் செம்பனை அது. பால்மரக் காட்டில் பாலைத் தோளில் சுமந்துவிடலாம். இருபது கிலோவைத் தாண்டும் செம்பனைக் குலைகளை நாள் முழுக்க அப்படிச் சுமக்க முடியுமா? மரத்தடியிலிருந்து சாலையோரம் கொண்டுவர ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி வந்தது, எருமை வண்டி வந்தது, பின்னாளில் ‘இயந்திர எருமை’ என்றே பெயர் வாங்கிய மோட்டார் வண்டியும் வந்தது.

உடைந்த தள்ளுவண்டி ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் விரிசல் விழுவது வெல்டிங்கின் நடுவில் இருக்காது. அது முடிகிற விளிம்பில், குழாயோடு ஒட்டியிருக்கும். ஒவ்வொரு வேர் மேலும் சக்கரம் ஏறி இறங்கும்போது அந்த விளிம்பில் விசை குவிகிறது. ஒரு தடவை குவிந்தால் ஒன்றும் ஆகாது. ஆயிரக்கணக்கான தடவை குவியும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல் தொடங்கி, மெல்ல வளர்ந்து, ஒருநாள் முழுச் சுமையோடு பிளந்துவிடும். உலோகச் சோர்வு என்பது இதுதான்.

இனி மெஷினுக்கு வருவோம். பட்டறைகளில் இருந்த பழைய மெஷினை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். அந்தக் கனமெல்லாம் டிரான்ஸ்ஃபார்மரின் கனம். வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுதான் சுற்றுகிறது. இந்த வேகத்தில் ஒவ்வொரு சுற்றிலும் டிரான்ஸ்ஃபார்மர் நிறைய காந்தப் பாயத்தைத் தாங்க வேண்டியிருப்பதால், தடித்த இரும்பு மையமும் அதைச் சுற்றி ஏராளமான செம்புக் கம்பியும் தேவைப்பட்டன. இன்வெர்ட்டர், வரும் மின்சாரத்தை முதலில் நேர்மின்னோட்டமாக்கி, பிறகு விநாடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடி மறுபடியும் மாறுமின்னோட்டமாக்குகிறது. சுற்று வேகம் கூடினால் ஒவ்வொரு சுற்றிலும் தாங்க வேண்டியது குறைந்துவிடுகிறது. உள்ளங்கையில் அடங்கும் ஃபெரைட் மையமே போதும்.

அவ்வளவு வேகத்தில், அவ்வளவு மின்சாரத்தைத் திறந்து மூட ஒரு சுவிட்ச் வேண்டுமே. அந்த வேலையைச் செய்யும் குறைக்கடத்திகளில் முக்கியமானது ஐஜிபிடி. அதை உருவாக்கியவராகப் போற்றப்படும் ஜெயந்த் பாலிகா 1948-இல் சென்னையில் பிறந்து, சென்னை ஐஐடியில் 1969-இல் பட்டம் பெற்றவர். பிறகு அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்தபோது இதை வடிவமைத்தார். பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு 2024-இல் அவருக்குக் கிடைத்தது. மின்சார ரயிலிலும் ஏர்கோனிலும் மின்காரிலும் இருக்கிற இந்தச் சுவிட்சைப் பற்றி நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மெஷின் சிறியது என்பதற்காக அது இழுக்கும் மின்சாரமும் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. 2.6 மில்லிமீட்டர் வெல்டிங் ராடை 90 ஆம்பியரில் ஓட்டினால் ராடின் முனையில் ஏறத்தாழ 24 வோல்ட் இருக்கும். பெருக்கினால் 2,100 வாட்டுக்குச் சற்று மேல். மெஷினுக்குள் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் 2,600 வாட் பக்கம் போகும். வீட்டின் 13 ஆம்பியர் பிளக் தாங்குவது 3,000 வாட் அளவுதான். மலிவான மெஷின்கள் மின்னோட்டத்தைச் சீராக இழுக்காமல் விட்டுவிட்டு இழுப்பதால் ஆம்பியர் இன்னும் ஏறும். 3.2 மில்லிமீட்டர் ராடு என்றால் அந்தப் பிளக்கை மறந்துவிட வேண்டும். உரிமம் பெற்ற வயர்மேனை வைத்துத் தனி லைன் இழுப்பதே சரி. எக்ஸ்டென்ஷன் கம்பியைச் சுருட்டியபடியே பயன்படுத்தினால் சுருளுக்குள் சூடு வெளியேற வழியின்றி உறை உருகும்.

வண்டிக்கு 3 மில்லிமீட்டர் ஆங்கிள் இரும்பு எடுங்கள். சதுரக் குழாய் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் 1.6 மில்லிமீட்டர் சுவரில் பழகாத கை ஓட்டை போட்டுவிடும். வெட்டிய துண்டுகளைச் சட்டமாக அடுக்கி, ஒரு மூலையை முழுசாக ஒட்டிவிட்டு அடுத்த மூலைக்குப் போவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. சட்டம் கோணுவது அங்கேதான்.

ஒரு மீட்டர் இரும்பை 100 டிகிரி சூடாக்கினால் 1.2 மில்லிமீட்டர் நீளும். உருகிய வெல்டிங் இறுகும்போது அதன் சூடு 1,500 டிகிரி அளவில் இருக்கிறது. அங்கிருந்து அறை வெப்பத்துக்கு இறங்குவதற்குள், தன்போக்கில் விட்டால் நீளத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்குக் குறுகிவிடும். ஆனால் பக்கத்தில் உள்ள குளிர்ந்த இரும்பு விடாது. இந்த இழுபறியில் வெல்டிங் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாகச் சட்டம் வளையும். எனவே நாலு மூலையிலும் முதலில் புள்ளி வைத்துப் பிடிக்க வேண்டும். பிறகு குறுக்கே மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு அளவும் ஒன்றாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் சுத்தியலால் ஒரு தட்டு தட்டித் திருத்தலாம். புள்ளி மட்டும் இருக்கும்வரை இரும்பு சொன்னபடி கேட்கும். அதன்பின் ஒரு மூலையில் கொஞ்சம், எதிர்மூலையில் கொஞ்சம் என்று மாறிமாறி ஒட்ட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் சட்டம் முறுக்கியிருக்கிறதா என்று சக்கரம் சொல்லும். மூன்று சக்கரம் எந்தத் தரையிலும் உட்காரும், ஏனென்றால் எந்த மூன்று புள்ளிகளும் ஒரே தளத்தில்தான் இருக்கும். நாலாவது புள்ளிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. சட்டம் இரண்டு மில்லிமீட்டர் முறுக்கியிருந்தாலும் ஒரு சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும். முதல் வண்டிக்கு நாலு சக்கரம் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். தொங்கும் சக்கரத்துக்கு மேலே வாஷர் கொடுத்து நிமிர்த்திக்கொள்ளலாம்.

எங்கெங்கோ கிடக்கும் பழைய இரும்பை எடுத்து ஒட்டுவதற்கு முன் மிகுந்த கவனம் வேண்டும். தண்ணீர்க் குழாய், வேலித் தூண் ஆகியவற்றின் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கும். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகுமுன் வெள்ளைப் புகை கிளம்புவது அதனால்தான். அதைச் சுவாசித்தவருக்கு இரவில் குளிர்க்காய்ச்சல் வரும். ஒட்டும் இடத்தில் பூச்சை முழுக்க நீக்கிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்ய வேண்டும். எந்த வெல்டிங் புகையும் நல்லதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் தருபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. டீசலோ எண்ணெயோ இருந்த டிரம்மை வண்டித் தொட்டியாக்கும் எண்ணமே வேண்டாம். காலி டிரம்முக்குள் தங்கிய ஆவி ஒரு பொறியில் வெடித்துவிடும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளையும் உள்ளே அனுப்பிவிடுங்கள். புற ஊதா ஒளி பட்ட கண் உடனே வலிக்காது. சில மணி நேரம் கழித்து மணல் விழுந்ததாக உறுத்தி, தூங்க விடாது.

கடலோரக் களிமண்ணும் செம்மண் சரளையும் கலந்த நம் பகுதிக்கு இரண்டு அங்குலச் சக்கரம் உதவாது. பின்பக்கமாவது தள்ளுவண்டியின் காற்றுச் சக்கர அளவு வேண்டும். மெஷின் தட்டு ஈரத்தரையிலிருந்து உயர்ந்து இருக்கட்டும். ஆனால் உயர உயர வண்டி எளிதில் சாயும் என்பதால் கனமானவற்றைக் கீழ்த்தட்டில் வையுங்கள். கிரைண்டரை மெஷினின் காற்றுத் துவாரத்துக்கு நேரே வைக்க வேண்டாம், இரும்புத் தூளை மின்விசிறி உள்ளிழுத்துச் சர்க்யூட் பலகையில் படியவைத்துவிடும். ராடுகளுக்குக் காற்றுப் புகாத பிஸ்கட் டின் ஒன்று போதும். மேல்பூச்சு ஈரம் குடித்தால் வெல்டிங்கில் துளை விழும்.

வண்டி முடிந்ததும் வீட்டில் உடைந்து கிடக்கும் தள்ளுவண்டியைத்தான் பலரும் அடுத்து எடுப்பார்கள். அப்போது எர்த் கிளாம்பைச் சக்கர அச்சில் மாட்டிவிட்டுச் சட்டத்தில் ஒட்டாதீர்கள். மின்சாரம் பேரிங் குண்டுகள் வழியாகப் பாய்ந்து, அவை தொடும் இடங்களில் பொறி தட்டிக் குழி விழும். சில வாரங்களில் சக்கரம் கரகரக்கும். ஒட்டும் இடத்துக்கு ஒரு சாணுக்குள், துருவும் பெயிண்டும் சுரண்டிய இரும்பில் கிளாம்பை மாட்டுங்கள்.