உங்களுக்குத் தெரியுமா? யூரியா மூட்டையில் பாதி பயிருக்குப் போவதில்லை!

கடனா, ராமநதி அணைகள் 1970-களில் வந்தபோது தென்காசி மாவட்டக் கடையம் வட்டார நெல்வயலுக்குத் தண்ணீர் நிலைத்தது. யூரியாவும் கூடவே வந்தது. 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து சுமார் 20 கிலோ. தண்ணீர் கட்டிய வயலில் வீசினால் பயிர் எடுப்பது பெரும்பாலும் அதில் பாதிக்கும் குறைவு. மிச்சத்தில் கொஞ்சம் அம்மோனியாவாகக் காற்றில் போகும். கொஞ்சம் வடிகால் வழியே குளத்தில் இறங்கிப் பாசியையும் ஆகாயத்தாமரையையும் வளர்க்கும். கடனா ஆறு சேருவது தாமிரபரணியில் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மானிய விலை என்பதால் இன்னொரு கை அள்ளிப்போட யாரும் யோசிப்பதில்லை. இலை கரும்பச்சையாகும், பின்னாலேயே புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் வரும், அப்புறம் மருந்துச் செலவு. 2015-இல் வேப்பெண்ணெய் பூசிய யூரியா கட்டாயமானது. இழப்பை ஓரளவு குறைக்கிறது. அதைவிட எளிய வழி இலை வண்ண அட்டை: இலையை அட்டையோடு ஒப்பிட்டு, வெளிறியிருந்தால் மட்டும் உரம் போடலாம்.