ஆழமில்லாத ஏரிக்கு வீட்டிலேயே ஒரு நங்கூரம்



மே மாதம் பிறந்துவிட்டால் ரொறன்ரோவில் இருந்து வடக்கே போகும் வீதிகளில் சிறு படகுகளை இழுத்துச் செல்லும் வாகனங்களைக் காணலாம். அவற்றில் எங்கள் ஆட்களின் வாகனங்களும் உண்டு. ஸ்கூகொக் ஏரி, சிம்கோ ஏரியின் குக்ஸ் குடா என்று சனி ஞாயிறுகளில் தூண்டில் போடக் குடும்பமாகவே போகிறார்கள். பன்னிரண்டு, பதினான்கு அடி அலுமினியப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினால் நங்கூரம் பெரும்பாலும் கூட வராது. சீமெந்துக் கல் ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஏன் போதாது, அதற்குப் பதிலாகக் குறைந்த செலவில் வீட்டிலேயே எதைச் செய்யலாம் என்பதே இம்மாத உரை.

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். தண்ணீருக்குள் இறங்கும் எந்தப் பொருளும் தான் இடம்பெயர்க்கும் தண்ணீரின் அளவுக்குப் பாரம் குறையும். ஒரு லீற்றர் கொங்கிறீட் ஏறக்குறைய 2.4 கிலோ. அதே அளவு தண்ணீர் 1 கிலோ. ஆகவே கரையில் 10 கிலோ இருக்கும் சீமெந்துக் கல், ஏரியின் அடியில் 6 கிலோவுக்கும் குறைவாகவே பாரம் காட்டும். இரும்பு என்றால் 10 கிலோவில் 8.7 கிலோ மிஞ்சும். காற்றின் பக்கம் கணக்கு இன்னும் மோசம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். காலையில் அசையாமல் நின்ற கல், மத்தியானம் காற்று எழும்பியதும் சேற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போவது இதனால்தான்.

எனவே நங்கூரம் அடிநிலத்தைக் கிளறி உள்ளே இறங்கிப் பிடிக்க வேண்டும். அமெரிக்கரான றிச்சட் டான்ஃபோத் வடிவமைத்த நங்கூரம் இதற்கு நல்ல சாட்சி. பாரம் குறைந்த இரண்டு தட்டையான இரும்பு அலகுகள் மண்ணுக்குள் புதைந்து பிடிக்கும். இரண்டாம் உலகப் போரில் தரையிறங்கு படகுகள் கரையில் இருந்து தம்மைத் தாமே பின்னால் இழுத்து எடுக்க அதைத்தான் பயன்படுத்தின.

இப்போது எங்கள் ஏரிக்கு வருவோம். 1830களில் லிண்ட்சேயில் ஆலைக்காகக் கட்டிய அணையால் நீர் பரந்து உருவானதுதான் இன்றைய ஸ்கூகொக் ஏரி. அதன் சராசரி ஆழம் ஒன்றரை மீற்றருக்கும் குறைவு. அடியில் சேறும் பாசியும். இப்படியான இடத்துக்கு இரண்டு சாதனங்கள் பொருந்தும்.

முதலாவது, ஊன்று கம்பு. யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் வள்ளத்தைக் கம்பு ஊன்றித் தள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒன்றேகால் அங்குலத் தடிப்பில், பத்தடி நீளத்தில் உறுதியான உருண்டை மரக் கம்பு ஒன்றை எடுங்கள். ஒரு முனையைச் சீவிக் கூராக்குங்கள். மறுமுனையில் கைபிடிக்கக் குறுக்குக் கட்டை ஒன்றைப் பூட்டுங்கள். கம்பு முழுவதற்கும் வார்ணிஷ் பூசிக் காயவிடுங்கள். நான்கடிக்கு உட்பட்ட தண்ணீரில் கம்பை ஒன்றரை அடி சேற்றுக்குள் இறுக்கி, படகின் முன்பக்கத்தில் இருந்து ஆறடிக் கயிற்றால் அதோடு கட்டுங்கள். கயிறு கம்பில் தண்ணீர் மட்டத்துக்கு அருகில் பதிவாக இருக்கட்டும். மேலே கட்டினால் கம்பு நெம்பிக்கொண்டு வெளியே வந்துவிடும். கை தவறி விழுந்தாலும் மரம் மிதக்கும். ஆனால் கல் நிலத்திலும் மெல்லிய காற்றுக்கு மேற்பட்ட வேளையிலும் இது உதவாது.

இரண்டாவது, கொளுக்கி நங்கூரம். வேண்டிய பொருட்கள்: நான்கு அங்குல அகலமான பிளாஸ்ரிக் குழாய் ஓரடி, 10 மில்லிமீற்றர் கட்டடக் கம்பி இருபது அங்குல நீளத்தில் நான்கு, தண்ணீர் மட்டும் சேர்க்கும் கொங்கிறீட் கலவை ஒரு சிறு பை, துருப்பிடிக்காத பூச்சுள்ள நீண்ட வளையப் போல்ட் ஒன்று, அதற்கு நட்டும் பெரிய வாஷரும்.

ஒவ்வொரு கம்பியிலும் பாதியை இரும்புக் குழாய்க்குள் செருகி, மீதியைத் தூண்டில் முள்ளைப் போல மேல்நோக்கி வளையுங்கள். பிளாஸ்ரிக் குழாயின் ஒரு வாயைப் பலகைத் துண்டால் மூடி, அதில் நான்கு துளைகள் இட்டு, கம்பிகளின் நேரான பாதியை நான்கு திசைக்கும் ஒன்றாக உள்ளே விடுங்கள். குழாயை இரண்டு கட்டைகளுக்கு இடையில், கொளுக்கிகள் கீழே தொங்க நிமிர்த்தி வையுங்கள். கலவை தளரக் கூடாது. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். சிறிது சிறிதாகப் போட்டு, தடியால் குத்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். நட்டும் வாஷரும் உள்ளே புதைய, வளையம் மேலே தெரிய, போல்டை நடுவில் இறக்குங்கள். ஈரச் சாக்கால் மூடி ஒரு வாரம் நனைத்து வையுங்கள். சீமெந்து காய்வதால் இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்வதால்தான் இறுகுகிறது. அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடித்துப் போகும். கலவையைக் கையாளும்போது கையுறை போடுங்கள். வெறும் கையைச் சீமெந்து அரித்துவிடும்.

இதன் மொத்தப் பாரம் ஆறரைக் கிலோ அளவில் வரும். தண்ணீருக்குள் ஏறக்குறைய 4 கிலோதான். ஆனாலும் கொளுக்கிகள் பாசிக்குள்ளும் சேற்றுக்குள்ளும் இறங்குவதால், இதைவிடப் பாரமான வெறும் கல்லை விட நன்றாகப் பிடிக்கும்.

அந்தப் பிடிப்புக்குக் கயிறும் உதவ வேண்டும். வளையத்தில் ஆறடிச் சங்கிலியைப் பூட்டி, அதன் மறுமுனையில் நைலோன் கயிற்றைக் கட்டுங்கள். மலிவான மஞ்சள் கயிறு மிதக்கும். நங்கூரத்தை மேலே தூக்குவதோடு இயந்திரத்தின் விசிறியிலும் சுற்றிக்கொள்ளும். தண்ணீரின் ஆழத்தையும் படகு முன்பக்கத்தின் உயரத்தையும் கூட்டி, அதைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விட வேண்டும். நாலரை அடித் தண்ணீர், ஒன்றரை அடி உயரம் என்றால் ஆறடி. ஆகவே முப்பது முதல் நாற்பத்திரண்டு அடி. நேர் கீழே கயிறு விட்டால் ஒவ்வொரு அலையும் நங்கூரத்தைப் பிடுங்கும். சரிவாக விட்டால் ஒவ்வொரு இழுப்பும் அதை இன்னும் உள்ளே புதைக்கும்.

நேயர்களே, இந்த உரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: நங்கூரக் கயிற்றைப் படகின் பின்பக்கத்தில் கட்ட வேண்டாம். இயந்திரமும் அதை இயக்குபவரும் இருப்பதால் பின்பக்கம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். அங்கே கயிறும் இழுத்தால் அலை நேராக உள்ளே ஏறும். இரண்டு மூன்று அலைகளில் சிறு படகு நிரம்பிவிடும். முன்பக்கத்தில் கட்டினால் படகு காற்றைப் பார்த்துத் திரும்பி அலையைப் பிளந்து நிற்கும். நங்கூரத்தை எறியாமல் மெதுவாக இறக்குங்கள். கரையில் ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு வீட்டையும் ஒரே கோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு விலகிக்கொண்டே போனால் நங்கூரம் இழுபடுகிறது என்று அர்த்தம். கயிற்றை அறுக்க ஒரு கத்தி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

சட்டமும் இதோடு சேர்கிறது. கனடாவில் ஆறு மீற்றர் வரையான படகில் துடுப்பு அல்லது குறைந்தது 15 மீற்றர் கயிறோ சங்கிலியோ உள்ள நங்கூரம் இருக்க வேண்டும். இரண்டையும் வைத்திருப்பதே புத்தி. ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி கட்டாயம். 2022 முதல் ஒன்ராறியோவில் படகை வேறிடம் கொண்டுபோகுமுன் பாசியையும் நீர்வாழ் உயிரிகளையும் அகற்ற வேண்டும். நங்கூரத்தின் சேற்றையும் அங்கேயே கழுவிவிடுங்கள்.

1990களின் முதற்பாதியில் கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்தவர்கள் எங்கள் நேயர்களிடையே இருக்கிறார்கள். அன்று அங்கி கேட்கவோ, காற்று அடங்கட்டும் என்று காத்திருக்கவோ வழி இருக்கவில்லை. இன்று இரண்டுக்கும் வழி இருக்கிறது. மே மாதத்தில் வெயில் எறித்தாலும் ஏரித் தண்ணீர் குளிர்ந்தே இருக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் அந்தக் குளிரில் மூச்சுத் திணறும். அங்கியைப் படகில் வைத்திராமல் உடம்பில் போடுங்கள். வீட்டில் செய்த நங்கூரம் பகல் வேளையில், ஆழமில்லாத நீரில், கண்முன்னே கரை தெரியும் தூரத்தில் தூண்டில் போட மட்டுமே. காற்று எழும்பினால் அதை நம்பி நிற்காமல் கரைக்குத் திரும்பிவிடுங்கள்.

அடுத்த மாத உரையில் மீண்டும் சந்திப்போம்.