பிடிஓ கிளட்ச் வழுக்கும்போது: காரணமும் பழுதுநீக்கமும் உழவரின் உரிமையும்

டிராக்டர் இன்ஜினின் ஆற்றலைப் பின்புறத் தண்டின் வழியே ரோட்டவேட்டர், கதிரடிக்கும் இயந்திரம், வைக்கோல் கட்டும் பேலர் முதலிய கருவிகளுக்குக் கடத்தும் அமைப்பு பிடிஓ எனப்படுகிறது. அந்த ஆற்றலை வேண்டும்போது இணைத்தும் வேண்டாதபோது துண்டித்தும் விடுவது பிடிஓ கிளட்ச். இதன் உராய்வுத் தட்டு முழுப்பிடி கொள்ளாமல் வழுக்கத் தொடங்கினால், கருவிக்குச் செல்ல வேண்டிய ஆற்றல் வெப்பமாக மாறித் தட்டையே தீய்க்கிறது. பெரும்பாலான மாதிரிகளில் இத்தட்டை எட்டுவதற்கு டிராக்டரையே இன்ஜினுக்குப் பின்னால் இரண்டாகப் பிரித்தாக வேண்டும் என்பதால், உதிரிபாகத்தின் விலையோடு கூலியும், பருவத்தில் வண்டி நிற்கும் நாட்களின் இழப்பும் சேர்ந்துகொள்கின்றன. எனவே தட்டு ஏன் வழுக்கியது என்று காணாமல் அதை மாற்றிவிடுவது மிகப் பெரிய தவறு. அந்தக் காரணம்தான் பழுதை எப்படி நீக்குவது என்பதையும், அதற்கான பணத்தை யார் தர வேண்டும் என்பதையும் ஒருசேர முடிவு செய்கிறது.

இந்திய டிராக்டர்கள் பலவற்றில் இருப்பது டபுள் கிளட்ச். ஒரே பெடலைப் பாதி அழுத்தினால் வண்டியின் ஓட்டமும் முழுவதும் அழுத்தினால் பிடிஓவும் துண்டிக்கப்படும் வகையில், ஒரே கூட்டுக்குள் இரண்டு உலர் தட்டுகள் அமைந்திருக்கும். வேறு சில மாதிரிகளில் பிடிஓவுக்கெனத் தனி லீவரும், எண்ணெயில் மூழ்கி ஹைட்ராலிக் அழுத்தத்தால் இயங்கும் பல தட்டுக் கிளட்சும் உண்டு. இரண்டிலும் அறிகுறி ஒன்றுபோலத் தோன்றினாலும் காரணங்கள் வேறு.

முதற்கட்டச் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை, காது போதும். ரோட்டவேட்டர் இறுகிய மண்ணில் இறங்கும்போது கத்திகளின் சுழற்சி குறைந்து, இன்ஜினின் ஒலியும் அதனோடு சேர்ந்து கனத்துத் தாழ்ந்தால், கிளட்ச் நன்றாகப் பிடித்திருக்கிறது என்றும் சுமைதான் மிகுதி என்றும் கொள்ளலாம். கத்திகள் மட்டும் தளர, இன்ஜின் ஒலி சற்றும் இறங்காமல் நிற்க, சிறிது நேரத்தில் தீய்ந்த வாடையும் வந்தால், ஆற்றல் வழியில் எங்கோ வழுக்குகிறது என்பது உறுதி. ஆனால் அது டிராக்டருக்குள்ளேதான் என்று உடனே முடிவு கட்டலாகாது. கருவியை இணைக்கும் ஷாஃப்டிலேயே அதிகச் சுமையைத் தாங்காமல் வழுக்கிக் கொடுக்கும் பாதுகாப்புக் கிளட்ச் சில கருவிகளில் இருக்கும். கதிரடிக்கும் இயந்திரத்தில் பெல்ட் தளர்ந்திருக்கலாம். இன்ஜினை நிறுத்திவிட்டு, அந்தப் பாதுகாப்புக் கிளட்சின் இரு பகுதிகளுக்கும் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சிறிது நேரம் ஓட்டி, மீண்டும் நிறுத்திப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். கோடு விலகியிருந்தால் குறை கருவியின் பக்கம் இருக்கிறது.

கோடு விலகவில்லை எனில், அடுத்துப் பார்க்க வேண்டியது பெடல். பெடலை விரலால் அழுத்தும்போது தடையின்றி இறங்கும் தூரத்தை ஃப்ரீ பிளே என்பர். அதன் சரியான அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். தட்டு தேயத் தேய இத்தூரம் சுருங்கும். அது அறவே இல்லாமல் போனால் ரிலீஸ் பேரிங் கிளட்சை விடுவிக்கும் ஃபிங்கர்களை எப்போதும் தள்ளிக்கொண்டே இருப்பதால், பெடலில் கால் வைக்காதபோதும் கிளட்ச் அரைகுறையாகவே பிடிக்கும். இந்நிலையில் வெளியிலிருந்தே பெடலின் இணைப்பு ராடைத் திருகிச் சரிசெய்ய இயலும். வண்டியைப் பிரிக்கச் சொல்லும் பட்டறையிடம் இச்சோதனை நடந்ததா என்று கேட்பது உழவரின் கடமை. பெடல்மேல் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கமும் இதே கேட்டைத்தான் விளைவிக்கிறது.

மூன்றாவது காரணம் எண்ணெய். கிளட்ச் கூட்டின் அடியில் உள்ள சிறு வடிதுளையில் ஈரம் தெரிந்தால், கறுத்த இன்ஜின் எண்ணெயா, கெட்டியான கியர் எண்ணெயா என்று பார்க்க வேண்டும். முன்னது கிராங்க் ஷாஃப்டின் பின்புற ஆயில் சீலையும், பின்னது கியர்பாக்ஸின் முன்புறச் சீலையும் சுட்டுகிறது. எண்ணெய் ஊறிய தட்டைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடுவது பயனற்றது. வெப்பம் ஏறியதும் தட்டின் உராய்வு லைனிங்கின் உள்ளிருந்து எண்ணெய் மீண்டும் கசியும். எண்ணெயில் இயங்கும் வகையிலோ, அழுத்தமானி பொருத்தி அளந்து பாராமல் எதையும் கழற்றலாகாது. அடைபட்ட வடிகட்டியோ குறைந்த எண்ணெயோ உள்ளே கசியும் சீலிங் வளையமோகூட முழுப் பழுதுக்கும் காரணமாக இருக்கக்கூடும்.

இச்சோதனைகளின்போதுதான் உயிருக்கும் ஆபத்து நெருங்குகிறது. கருவி ஏன் நின்று நின்று சுற்றுகிறது என்று பார்ப்பதற்காக ஓடும் ஷாஃப்டின் அருகே குனிபவர்கள் பலர். பரவலாக உள்ள 540 சுற்று பிடிஓ நொடிக்கு ஒன்பது முறை சுழல்கிறது. 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு ஒரு நொடியில் ஏறத்தாழ ஒரு மீட்டர் துணியைத் தன்மேல் சுருட்டிக்கொள்ளும். வேட்டி நுனியோ துண்டோ சேலைத் தலைப்போ சிக்கினால் உதறி விடுபட நேரமே இராது. வழுக்கும் கிளட்ச் எந்தக் கணத்திலும் முழுப்பிடி கொள்ளலாம் என்பதால், மெல்லச் சுழலும் ஷாஃப்டை நம்பவே கூடாது. இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்து, சுழற்சி முற்றிலும் அடங்கிய பின்னரே அருகில் செல்ல வேண்டும்; ஷாஃப்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை செய்யச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

பிரிக்கும் வேலையிலும் எச்சரிக்கை தேவை. இரு பாதிகளையும் ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தாமல், உறுதியான தாங்கிகளின் மேல் ஏற்ற வேண்டும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும் என்பதால் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். தட்டைத் தவிர, பிளைவீலின் முகத்தில் நீலத் திட்டுகளும் வெடிப்புகளும் உள்ளனவா, பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்குகள் வெப்பத்தில் தளர்ந்தனவா, ரிலீஸ் பேரிங் இரைகிறதா என்றும் பார்த்தாக வேண்டும். ஃபிங்கர்கள் அனைத்தும் ஒரே உயரத்தில் அமையாவிட்டால் புதுத் தட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்து வீணாகும்.

இங்கேதான் உரிமை குறித்த கேள்வி எழுகிறது. கிளட்ச் தட்டு தேய்மானப் பொருள், அதற்கு வாரண்டி இல்லை என்பது டீலர்கள் பலரின் வழக்கமான பதில். இயல்பான தேய்மானத்துக்கு அப்பதில் பொருந்தும். ஆனால் வாரண்டிக் காலத்திலேயே சீல் கசிந்தோ ஸ்பிரிங் உடைந்தோ தட்டு பாழானால், மூலக்குறை தேய்மானம் அன்று. இவ்வேறுபாட்டை மெய்ப்பிப்பது கழற்றிய தட்டேயாகும். விளிம்புவரை சமமாகத் தேய்ந்து ரிவெட் தொடும் தட்டு ஒன்றைச் சொல்லும். லைனிங் தடிமனாக இருந்தும் எண்ணெயில் கறுத்து மின்னும் தட்டு வேறொன்றைச் சொல்லும். ஆகவே துடைக்கும் முன்பே படம் எடுப்பதும், பழைய பாகங்களைத் திரும்பக் கேட்டு வாங்குவதும், ஜாப் கார்டில் குறையையும் மணிமானி அளவையும் எழுதச் செய்வதும் இன்றியமையாதவை.

2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் வாங்குவோரை விலக்கினாலும், சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கிப் பயன்படுத்துபவரை நுகர்வோராகவே கொள்கிறது. பட்டறைக்காரரின் வேலையும் இச்சட்டத்தின்கீழ் சேவையே. பில் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. முதலில் எழுத்து மூலம் புகார் அளித்தும் பயனில்லை எனில், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதுவும் பலிக்காதபோது, உழவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை எனில் கட்டணம் இல்லை. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். குறையை ஆய்வகச் சோதனையின்றி அறிய முடியாதபோது பொருளை அதற்கு அனுப்பும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. தட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டவருக்கு அவ்வழி அடைபட்டுவிடும். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளே கெடு என்பதால், அடுத்த பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்ற டீலரின் வாய்மொழிச் சமாதானங்களை நம்பி நாள் கடத்தாமல், ஒவ்வொரு முறை வண்டியைப் பட்டறையில் விடும்போதும் தேதியிட்ட சீட்டு ஒன்றை வாங்கிவைக்க வேண்டும்.