காலை எடுத்தும் பிரேக் விடவில்லையா?

இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரான ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபி. முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம். ஆரம்பகாலக் கார்களில் கோளாறைக் காட்டிக்கொடுக்க சென்சார் எதுவும் கிடையாது. காலில் படுவதை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும்.

பெடல் மெத்தென்று அமுங்கினால் ஆயிலில் காற்று புகுந்திருக்கிறது. மிதிக்கும் விசையெல்லாம் காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடும். முதல் மிதியில் ஆழமாக இறங்கி, மறுபடி மிதித்ததும் மேலே வந்தால், பெரும்பாலும் பின் டிரம்மில் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். அட்ஜஸ்டரைத் திருகினால் சரியாகும். அழுத்திப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லக் கீழே போகிறதா? வெளியே ஒரு சொட்டு ஒழுகாவிட்டாலும் மாஸ்டர் சிலிண்டரின் சீல்மீதுதான் முதல் சந்தேகம் விழ வேண்டும். ஆரம்பகால எம்ஜிபியில் ஹைட்ராலிக் சர்க்யூட் ஒன்றே ஒன்று. அந்தச் சீல் முழுதாகக் கைவிட்டால் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும்தான். இந்த அறிகுறி தெரிந்த காரைத் தெருவில் எடுக்கவே கூடாது.

பலரை வீண்செலவில் தள்ளுவது வேறொரு கோளாறு: காலை எடுத்த பிறகும் முன்சக்கரம் ஒன்றில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருப்பது. உடனே டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பர் மேல் பழி விழும். அது சில நேரம்தான் சரி. காலிப்பரைக் கழற்றுமுன் அதற்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸைச் சோதித்தே ஆக வேண்டும்.

காலிப்பரில் பிஸ்டனை இழுக்க ஸ்பிரிங் இல்லை. மிதிக்கும்போது லேசாக வளையும் ரப்பர் சீல், விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. அதுதான் பிஸ்டனை மயிரிழை பின்னுக்கு இழுக்கிறது. பல வருடம் பிரேக் ஆயிலில் ஊறிய ஹோஸின் உட்சுவர் உப்பி, துளை அடைபட்டுப் போகும். வெளியே பார்த்தால் புதிது போலவே இருக்கும். காலின் பலம் அந்தச் சிறு துளை வழியாகவும் ஆயிலைத் தள்ளிவிடும். ஆனால் அதைத் திரும்ப அனுப்ப சீலின் சிறு இழுப்புக்குச் சக்தி போதாது.

சோதிப்பது எளிது. காரை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, பெடலை மிதித்து விடுங்கள். சக்கரம் இறுகி நிற்கும்போது காலிப்பரின் பிளீடிங் நிப்பிளைத் திறந்தால் ஆயில் பீய்ச்சி, சக்கரம் தளர்ந்துவிட்டதா? காலிப்பர் குற்றவாளி அல்ல, அழுத்தம் வழியில் சிக்கியிருக்கிறது. நிப்பிளை மூடி மறுபடி மிதித்து, இம்முறை இரும்புக் குழாய் ஹோஸில் சேரும் நட்டைத் தளர்த்துங்கள். அப்போதும் சக்கரம் இறுகியே இருந்தால் ஹோஸ்தான். தளர்ந்தால் மேலே மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். முதல் சோதனையிலேயே, நிப்பிளைத் திறந்தும் சக்கரம் அசையாவிட்டால் பிஸ்டனில் துரு. அப்போது காலிப்பரைக் கழற்றுங்கள். சிந்திய ஆயில் பெயின்ட்டை அரித்துவிடும், உடனே கழுவுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் காருக்குள்ளும் இது நடந்துகொண்டேதான் இருக்கும்.

பழைய எம்ஜிபி வாங்குபவர்கள் குரோமுக்கும் பெயின்ட்டுக்கும் பணம் ஒதுக்குமுன் பிரேக் ஆயிலையும் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். முன்னால் இரண்டு, பின் ஆக்சிலுக்கு ஒன்று: மொத்தமே மூன்று ஹோஸ்தான்.