மாட்டுக்கு மருந்தும் வைத்தியர் சீட்டும்

கண்டாவளைப் பகுதிக் கமக்காரருக்கு வயலும் தோட்டமும் மட்டுமன்றி மாடும் செல்வமாகும். இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களிலே இன்று உழவியந்திரமே உழுகின்றதெனினும், வீட்டுக்குப் பாலையும் தோட்டத்துக்கு எருவையும் தருவது மாடே. அம்மாடு நோயுறும்போது யாரை அழைப்பது, எம்மருந்தைக் கொடுப்பது என்னும் வினா மாட்டின் உயிரை மட்டுமன்றி, அதன் பாலை அருந்தும் பிள்ளையின் உயிரையும் பொறுத்ததாகும். ஆதலின், மருந்து கொடுப்போரைச் சட்டம் எவ்வாறு கட்டுப்படுத்துகின்றது என்பதைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

பதிவு ஏன்?

மனிதருக்கு வைத்தியஞ் செய்வோரின் பதிவை 1927 ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் ஒழுங்குபடுத்தியது. அவ்வாறே மிருக வைத்தியரைப் பதிவு செய்தற்கும் அவர்தம் தொழிலொழுக்கத்தைக் கண்காணித்தற்கும் 1956 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. பதிவு என்பது வெறும் பெயர்ப்பலகையன்று. பதிவு பெற்றவர் தம் தொழிலிற் பெருந்தவறு இழைப்பின் அவரை விசாரித்துப் பொறுப்புக் கேட்க ஒரு சபை உண்டு. பதிவின்றி ஊசி போடுபவரை அங்ஙனம் கேட்பார் இல்லை. நட்டம் முழுவதும் மாட்டுக்காரரையே சாரும்.

நோயை அறிவித்தல்

தொற்று நோய்களைத் தடுத்தற்கென 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் உள்ளது. இதன் பயனை 2022 டிசம்பரில் நாம் நேரிற் கண்டோம். அம்மாதம் திடீரெனக் குளிர் மிகுந்தபோது, வடக்கு கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தன. காரணம் தெரியும்வரை, அவ்விரு மாகாணங்களிலிருந்தும் பிற இடங்களுக்கு இறைச்சி கொண்டுசெல்வது நிறுத்தப்பட்டது. பரிசோதனையின் பின்னரே குளிரே காரணம், தொற்று நோயன்று எனத் தெளிந்தது. இறந்தவற்றையெல்லாம் எவருக்கும் அறிவியாது புதைத்திருந்தால் இத்தெளிவு பிறந்திராது. தொற்று நோயாயிருப்பின் அயற்பட்டிகளும் அழிந்திருக்கும்.

நுண்ணுயிர்கொல்லி மருந்துகள்

பெனிசிலின் முதலிய நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் மனிதருக்கும் மாட்டுக்கும் பொதுவானவை. 1928 இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், அம்மருந்தைக் குறைந்த அளவிற் கொடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று 1945 இலேயே எச்சரித்தார். அதன் காரணம் எளிது. அரைகுறையாகக் கொடுத்த மருந்தினால் வலுவற்ற கிருமிகள் மடிய, வலுவுடையவை எஞ்சிப் பெருகுகின்றன. அவை சாணம், பால், கறப்பவர் கை ஆகியவற்றின் வழியே மனிதரையும் அடையலாம். பின்னர் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, அதே மருந்தை வைத்தியர் கொடுக்கும்போது அது பலியாது போகும்.

இதனாலேயே உலகெங்கும் விதிகள் இறுகி வருகின்றன. மிருகங்களை விரைவிற் பருக்க வைக்கத் தீனியில் இம்மருந்துகளைக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 இல் முற்றாக விலக்கியது. மனிதருக்குக் கடைசிப் புகலிடமான கொலிஸ்ரின் என்னும் மருந்தை உணவுக்காக வளர்க்கும் மிருகங்களுக்குப் பயன்படுத்துவதை இந்தியா 2019 இல் தடை செய்தது. அமெரிக்காவில் 2023 முதல், மனித வைத்தியத்துக்கு முக்கியமான இத்தகைய மருந்துகளைக் கால்நடைக்கு வாங்குதற்கும் மிருக வைத்தியரின் சீட்டு வேண்டும். இலங்கையும் மனிதர், மிருகம் இரண்டையும் உள்ளடக்கிய தேசியத் திட்டமொன்றை 2017 இல் வகுத்தது.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

1. அயலவர் வீட்டில் மீந்த மருந்தையோ, மனிதருக்கு வாங்கிய குளிசையையோ மாட்டுக்குக் கொடுத்தலாகாது. காலபோக மழையில் வழி அடைபட்டிருப்பின், முதலிற் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அறிவித்து, வைத்தியர் சொற்படி நடக்குக.

2. வைத்தியர் குறித்த நாள் முழுவதும் மருந்தைக் கொடுத்து முடிக்குக. மாடு தேறிவிட்டதென்று இடையில் நிறுத்தற்க.

3. மருந்து கொடுத்த பின் எத்தனை நாள் பாலை விலக்க வேண்டும் என்பதை வைத்தியரிடம் கேட்டறிக. அந்நாட்களிற் கறந்த பாலை விற்றலும் வீட்டிற் பயன்படுத்தலும் ஆகா. அம்மருந்து கலந்த பால் உறைமோரிட்டாலும் செவ்வனே தயிராகாது. தயிரை உறையச் செய்யும் நுண்ணுயிர்களையும் அது தடுத்துவிடும். ஆயினும் பால் உறைந்தது கொண்டு அது குற்றமற்றதெனக் கருதற்க.

4. மருந்தின் ஒரு பகுதி சாணத்துடனும் வெளியேறும். ஆகையால் மருந்து பெற்ற மாட்டின் பச்சைச் சாணத்தை மரக்கறிப் பாத்திகளுக்கு இடாது, நன்கு மக்கச் செய்து இடுக.

5. பட்டியிற் பல மாடுகள் ஒருங்கே நோயுறினும், காரணந் தெரியாது ஒரு மாடு இறப்பினும், அன்றே வைத்திய அலுவலகத்துக்கு அறிவிக்குக. பரிசோதனைக்கு முன் புதைத்தலோ, இறைச்சிக்கு விற்றலோ கூடாது.

வைத்தியரை எதிர்பார்த்திருப்பது சில வேளைகளிற் சிரமமே. மாடு தரையிற் கிடக்கும்போது ஒரு நாழிகையும் நெடிதாய்த் தோன்றும். ஆயினும் அவசரத்திற் போட்ட ஓர் ஊசி மாட்டைக் காக்கலாம், காவாதும் விடலாம். முறையின்றிப் பல வீடுகளிலும் போடும் ஊசிகளோ, நாளை நம் பிள்ளைகளைக் காக்க வேண்டிய மருந்தையே வலுவிழக்கச் செய்யும். ஆதலின் வைத்தியர் சீட்டைத் தடையென எண்ணாது, பட்டிக்கும் வீட்டுக்கும் இட்ட வேலியெனக் கொள்வீர்களாக.