ஃபோனுக்குப் பஸ் நேரம் சொல்வது யார்?

"சேர், வெளிநாட்டுல பஸ் எத்தன மணிக்கு வரும் எண்டு ஃபோனே சொல்லுதாம். ஃபோனுக்கு ஆரு சேர் சொல்ற?"

உயர்தர வகுப்பில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் கேட்டான். தமிழ் படித்த எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு தேடி வாசித்ததையே இங்கு எழுதுகிறேன்.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் என்றொரு நகரம். அங்கு பஸ்ஸும் ரயிலும் நடத்தும் பொது நிறுவனம் ட்ரைமெட். காரில் போகிறவருக்கு இணையம் வழி சொல்கிறது, பஸ்ஸில் போகிறவருக்குச் சொல்வதில்லையே என்ற குறை 2005இல் அங்கு தகவல் தொழில்நுட்பப் பிரிவில் இருந்த பிபியானா மக்ஹியூவுக்குப் பட்டது. அவர் கூகுளோடு பேசினார். ட்ரைமெட் தன் நேர அட்டவணையைக் கொடுத்தது. அந்த டிசம்பரிலேயே போர்ட்லண்ட்வாசிகள் பஸ் வழியையும் இணையத்தில் பார்த்தார்கள்.

கொடுத்தது பெரிய வித்தையொன்றுமில்லை. சாதாரண எழுத்துக் கோப்புகள்தான், அவற்றில் முக்கியமானவை நாலு. தரிப்பிடங்களின் பெயர், அகலாங்கு, நெட்டாங்கு ஒன்றில். பாதைகள் இன்னொன்றில். அந்தப் பாதைகளில் ஓடும் பயணங்கள் மூன்றாவதில். எந்தப் பயணம் எந்தத் தரிப்பிடத்தில் எத்தனை மணிக்கு நிற்கும் என்பது நாலாவதில். செயலி நீங்கள் நிற்கும் இடத்துக்குக் கிட்டவுள்ள தரிப்பிடத்தைப் பிடித்து, நாலையும் கோர்த்து அடுத்த பஸ்ஸைச் சொல்லிவிடும். இந்த வடிவத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டதால், பல நாட்டு நகரங்கள் இன்று இதிலேயே தரவை வெளியிடுகின்றன. ஒரு நகரத்துக்கு எழுதிய செயலி மற்றதற்கும் உதவுகிறது. வெளியிடுவது பொது வேலையின் தரவு, ஆட்களின் சொந்த விவரமல்ல.

தரவு இருந்தால் மட்டும் போதுமா? பொஸ்டன் நகரில் பனி கொட்டி, வீதியோரத் தீயணைப்பு நீர்க்குழாய்களை மூடிவிடும். தீயணைக்க வந்தவர்கள் முதலில் குழாயைத் தோண்டியெடுக்க வேண்டும். 2011இல் 'கோட் ஃபோர் அமெரிக்கா' அமைப்பின் எரிக் மைக்கேல்ஸ்-ஓபர் குழாய்கள் இருக்கும் இடங்களை வரைபடத்தில் காட்டும் செயலியொன்றைச் செய்தார். குடியிருப்பவர் ஒரு குழாயைப் பொறுப்பெடுத்து, அதற்குப் பெயரும் வைத்து, பனியை அள்ள வேண்டும். அவர் கைவிட்டால் அயல்வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ளலாம்.

அதே செயலியை ஹவாயின் ஹொனலுலு நகரம் சுனாமி சைரன்களைக் கவனிக்க எடுத்துக்கொண்டது. சைரன்களின் பற்றரியைக் களவெடுத்துவிடுகிறார்களாம். போய்ப் பார்க்க ஆள் வேண்டும்.

2004 டிசம்பர் 26ஐக் கரையோர ஊரொன்றில் இருந்து கண்டவன் நான். இதை வாசித்துவிட்டுக் கொஞ்சநேரம் அப்படியே இருந்துவிட்டேன். சைரன் எங்கே நிற்கிறது என்பது அலுவலகக் கோப்புக்குள்ளேயே கிடந்தால், பற்றரி போனதும் ஊருக்குத் தெரியாது. ஊரார் கையில் அந்தத் தகவல் இருந்தால், "பற்றரி இருக்கா இல்லையா" எண்டு பார்த்துவர ஒருவராவது போவார்.

மறுநாள் அந்த மாணவனுக்கு இதையெல்லாம் சொன்னேன்.

"அப்ப எங்கட ஊர் பஸ் நேரத்த நாங்களே எழுதலாமே சேர்."

எழுதலாம். இந்த வாரம் மூன்று பேர் கொப்பியோடு சந்தியில் நிற்கிறார்கள்.