அந்த ஊசி நமக்கும் உரியது

"அது பச்சைப் பிள்ளைங்களுக்குப் போடுற ஊசி. உனக்கு எதுக்கும்மா?"

காமாலைத் தடுப்பூசி கேட்டுப் போன காலனிப் பெண் ஒருவருக்கு மருத்துவமனையில் கிடைத்த பதில் இது. அவர் பல ஆண்டுகளாக எச்.ஐ.வி.யோடு வாழ்பவர். மேற்கொண்டு கேட்டால் காரணத்தைச் சொல்ல வேண்டும். பின்னால் வரிசையில் ஊர்க்காரர்கள் நிற்கிறார்கள். பேசாமல் திரும்பிவிட்டார். சாதியால் ஒதுக்கப்பட்டவர், நோயாலும் ஒதுக்கப்பட்டுவிடுவோமோ என்று அஞ்சினார்.

அவர் கேட்டதில் தவறில்லை. ஹெபடைடிஸ்-பி, எச்.ஐ.வி. இரண்டும் இரத்தம், உடலுறவு, ஊசி, பிரசவம் என்று ஒரே வழிகளில் பரவுகின்றன. ஆனால் ஹெபடைடிஸ்-பி பல மடங்கு எளிதாகத் தொற்றும். உடலுக்கு வெளியே ஏழு நாள் வரைகூடத் தாங்கும். இரண்டும் ஓர் உடலில் சேர்ந்தால் கல்லீரல் விரைவாகக் கெடும். புற்றுநோய் வரைக்கும் போகும். கீழாநெல்லிக்கும் மந்திரிப்புக்கும் அடங்குகிற காமாலை அல்ல இது.

நாடு முழுவதும் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இது சேர்ந்தது 2011-இல்தான். அதற்கு முன் பிறந்த நம்மில் பலர் இதைப் போட்டுக்கொண்டதே இல்லை.

எச்.ஐ.வி. உள்ளவர்கள் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தொற்று இல்லை, முன்பு தடுப்பூசியும் போடவில்லை என்றால் ஊசி தொடங்கலாம். பொதுவாக முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. எதிர்ப்புச் சக்தி குறைந்த உடலில் வழக்கமான அளவு போதாமல் போகலாம் என்பதால், மருத்துவர்கள் இரட்டிப்பு அளவு பரிந்துரைப்பதுண்டு. கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து, பலன் கிடைத்ததா என்று மீண்டும் இரத்தம் பார்ப்பது நல்லது.

தொற்று ஏற்கெனவே இருந்தாலும் கலங்க வேண்டியதில்லை. கூட்டு மருந்தில் உள்ள டெனோபோவிர், லாமிவுடின் இரண்டு வைரஸையும் அடக்கும். ஆனால் மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் கல்லீரல் திடீரென மோசமாகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மருத்துவமனைக் குப்பையில் கிடக்கும் ஊசி யார் கையைக் குத்துகிறது? பெரும்பாலும் நம் தூய்மைப் பணியாளர்களின் கையைத்தான். மருத்துவக் கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளி என்று சொல்லித் தட்டிக்கழிக்க அதில் இடமில்லை. எச்.ஐ.வி.யைக் காட்டிச் சிகிச்சையில் பாகுபாடு செய்வதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

அந்தப் பெண்ணோடு நாங்களும் கூட்டு மருந்து மையத்துக்குப் போனோம். பரிசோதனை முடிந்து முதல் ஊசி போட்டாயிற்று. இன்னும் இரண்டு பாக்கி. உங்கள் தெருவிலும் இப்படி வாய் திறக்காமல் திரும்பியவர்கள் இருக்கலாம். படித்த பிள்ளைகளே, அவர்களோடு ஒரு நாள் துணைக்குப் போங்கள். விவரம் கேட்க நம்பிக்கை மையம் இருக்கிறது. 1097 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது. ஊசி கேட்பது பிச்சை அல்ல, உரிமை.